எழுதிய ஏடும் இழந்த நம்பிக்கையும்: கண்டிச் சீமையின் வரலாறு காட்டும் ஓர் உண்மை

கண்டி மாநகரில் தலதா மாளிகைக்கு அணித்தாக, செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்கள் தாங்கி நிற்கும் அரசசபை மண்டபம் ஒன்றுண்டு. சிங்களத்தில் மகுல் மடுவ என வழங்கும் அம்மண்டபத்திலேயே 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை அறிவிக்கப்பட்டது. அத்தூண்களின் அழகைக் கண்டு வியந்து செல்வோர் பலர். அத்தூண்களிடையே வழங்கப்பட்ட வாக்குறுதி பின்னர் யாதாயிற்று என வினவுவோர் சிலரே. அவ்வினாவிலிருந்து தொடங்கி, ஆள்வோரும் அவரோடு கைகோத்த வணிக நிறுவனங்களும் தம் அதிகாரத்தைத் தவறாகக் கையாண்ட வேளைகளிற் பொதுமக்களின் நம்பிக்கை எவ்வாறு தேய்ந்தது என்பதைக் கண்டிச் சீமையின் வரலாற்றிலிருந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செங்கோன்மைக்கு ஓரதிகாரமும் கொடுங்கோன்மைக்கு ஓரதிகாரமும் வகுத்தவர் வள்ளுவர். கொடுங்கோல் என்ற சொல்லைக் கேட்டதும் வாளும் சிறையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் அண்மைக்கால அரசுகளின் கொடுங்கோல் பெரும்பாலும் ஏட்டின் வழியாகவே இயங்கியுள்ளது. உடன்படிக்கை, கட்டளைச் சட்டம், உறுதி, பற்றுச்சீட்டு, பதிவேடு என்பன அதன் கருவிகள். கடுமையான ஆட்சியைக்கூட மக்கள் சிலகாலம் பொறுத்துக்கொள்வர். எழுதிய ஏடு குடிகளை மட்டுமே கட்டுப்படுத்தும், எழுதியவரைக் கட்டுப்படுத்தாது என்ற நிலை தோன்றும்போதே நம்பிக்கை வேரோடு சாய்கின்றது. கண்டிச் சீமையின் கடந்த இரு நூற்றாண்டு வரலாறு இவ்வுண்மையை மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்கின்றது எனலாம்.

வணிக நிறுவனமே அரசாகவும் அமர்ந்தால் விளைவது யாது என்பதை இலங்கையின் கரையோரம் அதற்கு முன்னரே கண்டிருந்தது. 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய பிரித்தானியர், அவற்றின் நிருவாகத்தைச் சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனியாரிடம் ஒப்படைத்தனர். நாட்டு வழமையறியாத வரி வசூலிப்போர் வந்திறங்கினர். தென்னை மரங்களுக்கும் வரி விதிக்கப்பட்டது. 1797இற் கலகம் மூண்டது. கம்பனியார் ஆட்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1802இற் கரையோரம் முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. இப்பின்னணியிலேயே கண்டியின் கதையை நோக்குதல் வேண்டும்.

வாக்கும் வாளும்

கண்டியின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் மரபினன். 1815 பெப்ரவரியிற் சிறைபிடிக்கப்பட்ட அவன் பின்னர் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே மாண்டான். அவனைத் துறந்த கண்டிப் பிரதானிகள் தேசாதிபதி பிரவுண்றிக்குடன் செய்துகொண்ட உடன்படிக்கை பன்னிரண்டு பிரிவுகளைக் கொண்டது. பிரதானிகளின் உரிமைகளும் நாட்டின் பழைய வழமைகளும் பேணப்படும் என்றும், பௌத்த சமயம் மீறப்படாது காக்கப்படும் என்றும் அதில் உறுதி கூறப்பட்டது. ஒப்பமிட்ட பிரதானிகளுட் சிலர் தமிழ் எழுத்துகளிலும் தம் பெயரைப் பொறித்தனர் என்பது நாம் சிந்திக்கத்தக்க செய்தியாகும். அவ்வேடு போரில் தோற்றவர் மீது சுமத்தப்பட்ட சாசனம் அன்று. தம் மன்னனைத் தாமே கைவிட்டவர்கள், புதிய முடியிடமிருந்து ஈடாகப் பெற்ற வாக்குறுதி அது.

மூன்றாண்டுகள் கழியுமுன் ஊவாவிற் கிளர்ச்சி தோன்றியது. அதனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொலவே கிளர்ச்சியாளருடன் சேர்ந்துகொண்டார். அரசின் ஊழியரே அரசின் சொல்லை நம்ப மறுத்தமைக்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஊர்கள் எரியூட்டப்பட்டன. விளைநிலங்கள் பாழாயின. 1818 நவம்பர் 26ஆம் நாள் கண்டிப் போகம்பறையிற் கெப்பெட்டிப்பொல சிரச்சேதம் செய்யப்பட்டார். அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னர், நவம்பர் 21இல் வெளியிடப்பட்ட பிரகடனம் 1815இன் ஏற்பாடுகளிற் பலவற்றை மாற்றிப் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்தது.

ஈண்டு ஒரு நுண்மை உளது. இரு தரப்பார் கூடிச் செய்த உடன்படிக்கை ஒரு தரப்பாரின் பிரகடனத்தால் மாற்றப்பட்டது. கிளர்ச்சி செய்தோர் உடன்படிக்கையின் பயனை இழந்தனர் என்பது பிரித்தானியர் வாதமாக இருக்கலாம். ஆயின் கிளர்ச்சியிற் பங்கு கொள்ளாத குடிகளும் அவ்வாக்கையே நம்பியிருந்தனர் என்பதை அவ்வாதம் கருத்திற் கொள்ளவில்லை. பௌத்தம் பற்றிய உறுதியும் இவ்வாறே தளர்ந்தது. கிறித்தவ மதப் பரப்பாளரின் நெருக்குதலால், புனித தந்தத்தின் பாதுகாப்பிலிருந்து 1847இல் அரசாங்கம் விலகிக்கொண்டது. சமயத்தையும் அரசையும் பிரிப்பது நல்லதா என்பது தனி வினா. கொடுத்த வாக்கிலிருந்து, அதைப் பெற்றவரின் இசைவின்றி விலகலாமா என்பதே கண்டி மக்கள் எழுப்பிய வினாவாகும்.

காணியும் கோப்பியும்

நாம் பயிலும் பேராதனையிற் பூங்காவின் எதிர்க்கரையிலே மகாவலியை அடுத்துக் கிடப்பது கன்னொறுவை. 1820களில் அங்கு கோப்பித் தோட்டம் அமைத்தவர் வேறெவருமல்லர், தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் அவர்களே. கோப்பிச் செய்கைக்கு வரிச்சலுகைகள் அளித்தவரும் அவரே. சலுகை வழங்கும் கையும் அதைப் பெறும் கையும் ஒரே உடலிற் பொருந்தியிருந்தன. அவர் காட்டிய வழியிற் சிவில் சேவையாளரும் நீதிபதிகளும் படைத்தலைவர்களும் தோட்டக்காரராயினர்.

இச்சூழலிலேயே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. காடுகளும் தரிசு நிலங்களும் பயிரிடப்படாத நிலங்களும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியன எனக் கொள்ளப்பட்டன. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பயிரிடப்படும் சேனை நிலங்களைப் பற்றிக் கண்டிப் பகுதிக்கெனத் தனி விதியொன்றும் வகுக்கப்பட்டது. சன்னசு போன்ற கொடைச் சாசனத்தை, அல்லது வழமையான வரி செலுத்தியமைக்கான சான்றைக் காட்டினாலன்றிச் சேனை குடியானவனுக்கு உரியதாகாது. கண்டிப் பகுதிகளிலே தோம்பு எனப்படும் காணிப் பதிவேடுகள் இருந்ததில்லை என அச்சட்டமே ஒப்புக்கொள்கின்றது. பதிவேடு இல்லை என்பதை அறிந்த அரசு, பதிவு காட்டுக எனக் குடிகளைக் கேட்டது. தலைமுறை தலைமுறையாகக் கிராமத்தார் மாடு மேய்த்தும் விறகெடுத்தும் சேனை கொத்தியும் வந்த நிலம், ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலையிற் கைமாறிற்று. வாங்கியோருள் அரச உயர் அலுவலரும் அடங்குவர். 1840களின் நடுப்பகுதியிலேயே, அரச ஊழியர் தோட்டம் வைத்திருத்தல் தகாது என இலண்டனிலிருந்து தடை வந்தது. அதற்குள் குன்றுகளின் பெரும்பகுதி மொட்டையாகிவிட்டது.

அலுவலர் நேர்மையற்றவர் என்பதன்று இங்கு முதன்மையான குற்றச்சாட்டு. அவருட் பலர் திறமையும் கடமையுணர்வும் உடையோரே. ஆயின் வழக்கைத் தீர்ப்பவரும் வழக்கில் ஒரு கட்சியாரும் ஒருவரேயானால், தீர்ப்பு நேர்மையானதாயினும் அதை எவர் நம்புவர்?

1848: வதந்தியின் வலிமை

1840களின் பிற்பகுதியில் ஐரோப்பியச் சந்தையிற் கோப்பி விலை வீழ்ந்தது. அரசிறை குன்றியது. 1847இல் தேசாதிபதியாக வந்த ரொறிங்ரன் பிரபு கோப்பியின் ஏற்றுமதித் தீர்வையை நீக்கினார். அவ்விழப்பை ஈடுசெய்யத் துவக்கு, நாய், கடை முதலியவற்றுக்குப் புதிய வரிகள் விதிக்கப்பட்டன. வீதிக் கட்டளைச் சட்டம், வயதுவந்த ஆடவர் ஆண்டுதோறும் ஆறுநாள் வீதி வேலை செய்தல் அல்லது மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டுமென்றது. 1832இல் ஒழிக்கப்பட்ட இராசகாரியம் வேறு பெயரில் மீண்டு வந்ததாகவே குடிகள் கருதினர். அன்று திறக்கப்பட்ட வீதிகளாற் பெரும்பயன் பெற்றோர் தோட்டக்காரர் என்பதும் அவர்தம் கண்முன்னே தெரிந்தது.

1848 யூலை 6ஆம் நாள் கண்டிக் கச்சேரியின் முன் மக்கள் பெருந்திரளாகக் கூடினர். இன்னும் பல வரிகள் வரவிருக்கின்றன என்ற வதந்தி ஊரெங்கும் பரவியது. அதை அலுவலர் மறுத்தனர், மக்கள் நம்பவில்லை. கல்வியறிவற்ற மக்களைப் பிரதானிகளும் பிக்குகளும் தூண்டிவிட்டனர் என்பது அலுவலர் கூறிய விளக்கம். இவ்விளக்கம் பொருந்துவதன்று. அரசின் சொல்லுக்கு மதிப்பிருந்த இடத்தில் வதந்தி வேரூன்றாது. 1815இன் வாக்கும் 1840இன் சட்டமும் கண்டவர்க்கு வதந்தியே அனுபவத்துக்கு நெருங்கியதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

யூலை இறுதியிற் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் அரசனாக முடிசூட்டப்பட்டார். மாத்தளை தாக்கப்பட்டது. 29ஆம் நாள் கண்டியிற் படைச்சட்டம் பிரகடனமாயிற்று. புரன் அப்பு ஆகஸ்டு 8இற் சுட்டுக் கொல்லப்பட்டார். கடஹபொல தேரர் என்னும் பிக்கு, துவராடை களையாமலே கண்டியிற் சுடப்பட்டார். தண்டனையைச் சிறிது தாமதிக்குமாறு அரச சட்டவாதி செல்பி வேண்டியும் தேசாதிபதி இசையவில்லை. இராணுவ மன்றுகளின் தீர்ப்பினால் உயிரிழந்தோர் பதினெண்மர். கிளர்ச்சியோ சில நாட்களுள் அடங்கிவிட்டது. படைச்சட்டம் ஒக்டோபர்வரை நீடித்தது.

மாத்தளையிற் கப்டன் வட்சன் என்பார் பெயரில், சொத்துகளை மறைப்போரை அச்சுறுத்தும் சிங்கள அறிவித்தல்கள் வெளியாகியிருந்தன. அவை தம் கையொப்பமல்ல என அவர் மறுத்தார். அவ்வொப்பம் மெய்யா பொய்யா என ஆராய இலண்டன் ஆணையாளரை நியமிக்கவேண்டியதாயிற்று. அரசின் பெயரில் வந்த ஏட்டை அரசின் அலுவலரே தமதன்று எனக் கூறும் நிலைக்கு விடயம் முற்றிவிட்டது. பிரித்தானியப் பாராளுமன்றத் தெரிவுக் குழுவின் விசாரணையின் விளைவாக ரொறிங்ரன் 1850இற் பதவி நீங்கினார். பொறுப்புக் கூறல் ஓரளவு நிகழ்ந்தது உண்மையே. ஆயின் அது நிகழ்ந்தது கடல்கடந்த ஒரு நகரிலே, கண்டியார் அறியாத ஒரு மொழியிலே.

துண்டு

கண்டிச் சேனைகளை இழந்த சிங்களக் குடியானவர் தோட்டங்களிற் கூலிகளாக விரும்பவில்லை. எனவே தமிழகத்து வறிய உழவர் கொணரப்பட்டனர். மன்னாரில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்த அவருட் பலர் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் வழியிலேயே பலியாயினர். நிலம் இழந்தவரும் அந்நிலத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்டவரும் ஒரே அதிகாரத்தின் இரு விளைவுகள். இதனை உணராது ஒருவரையொருவர் ஐயுற்றமை, இழந்த நம்பிக்கையின் கொடிய பயன்களுள் ஒன்றாகும்.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளி சிறைத் தண்டனைக்குரியவன். பெற வேண்டிய கூலிக்காக வழக்காடுவதோ, மொழியும் வழியும் அறியாத அவனுக்கு எட்டாக் காரியம். பெரட்டுக் களத்திற் பெயர் பதிந்தும் மாலையில் நிறை குறைந்தால் அரைப்பேர்தான் என்ற நியதியும், மாதக்கணக்கில் நிலுவையாகிய கூலியும், பெரிய கங்காணியின் கணக்கிற் பெருகிய கடனும் அவனைச் சூழ்ந்திருந்தன.

இவற்றின் முடிபே துண்டு முறை. இன்ன தொகை செலுத்தப்படின் இத்தொழிலாளரை விடுவிப்போம் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அச்சீட்டின்றி வேறு தோட்டம் எவரையும் ஏற்காது. சீட்டிற் கண்ட தொகை எவ்வாறு வந்தது என்பதை, எழுத்தறியாத தொழிலாளி அறியான். ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மாறும்போது கடனும் அவனுடன் மாறியது, சிலவேளை வளர்ந்தும் சென்றது. நம் தமிழ்ச்சொல் ஒன்று ஆங்கிலச் சட்டநூல்களில் இடம்பெற்றது இவ்விழிவின் வழியாகத்தான். சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோரின் இடையறாத முயற்சியின் பின்னரே 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

வங்கித் தாளும் கூலிப் பாக்கியும்

1869இல் முதன்முதல் காணப்பட்ட இலைநோய் கோப்பியை மெல்ல அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் வழங்கிய ஒறியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884 மே 3ஆம் நாள் கதவடைத்தது. அந்நாளில் இலங்கையிற் பணத்தாள்களை வெளியிட்டவை தனியார் வங்கிகளே. எனவே மக்கள் கையிலிருந்த பணமே ஒரே நாளிற் பெறுமதியிழக்கும் நிலை தோன்றியது. தேசாதிபதி ஆதர் கோடன் அவ்வங்கித் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என உடனடியாக உறுதியளித்தார். பீதி தணிந்தது. அவ்வாண்டே தாள்நாணயக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. 1885இலிருந்து அரசே தாள் வெளியிட்டது.

எமது ஆய்வுக்கு இந்நிகழ்ச்சி இருவகையில் இன்றியமையாதது. ஆள்வோர் தம் சொல்லால் தம்மையே கட்டிக்கொண்ட மாத்திரத்தில் நம்பிக்கை மீளும் என்பதை இது காட்டுகின்றது. அஃதொரு வகை. அந்த உறுதி எவருக்கு அளிக்கப்பட்டது என்பது மற்றையது. வங்கித் தாள் வைத்திருந்தோர் பெரும்பாலும் வணிகரும் வசதியுடையோருமே. நொடித்த தோட்டங்களிற் பல மாதக் கூலி பெறாத தொழிலாளர்க்கு அத்தகைய உடனடி உறுதி எதுவுங் கிடைக்கவில்லை. அவர்தம் கூலிப் பாக்கி குறித்து அப்பத்தாண்டிற் சட்டங்கள் இயற்றப்பட்டன என்பது மெய். ஆயின் அவை நொடித்த பின்னர் வந்தவை. அரசால் இயலும் என்பது மெய்ப்பட்டது. எவருக்காக இயலும் என்பதும் உடன் மெய்ப்பட்டது.

பாட்டனின் பிறப்புச் சான்று

கோப்பி போய்த் தேயிலை வந்தது. கண்டிக்கு அண்மையில் ஹேவாஹெட்டையின் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் தொடக்கிய செய்கை மலைநாட்டை மூடிக்கொண்டது. அதே ஹேவாஹெட்டைப் பகுதியின் மூலோயாத் தோட்டத்தில் 1940 சனவரியில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அரசு வேறு, தோட்ட நிருவாகம் வேறு என்ற எண்ணம் தொழிலாளரிடையே எஞ்சியிருந்திருப்பின் அன்றோடு அகன்றிருக்கும்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிற் பிறந்தவனும், தன் தந்தை இங்கு பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ காட்டவேண்டியவனானான். 1840இற் சேனைக்காரனிடம் சன்னசு கேட்ட அதே நியாயம், 1948இல் தோட்டத் தொழிலாளியிடம் பாட்டனின் பிறப்புச் சான்று கேட்டது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ ஓர் இலட்சத்து முப்பத்து நாலாயிரம் பேரே. வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்கள் நீங்கின. சிறுபான்மையோரைக் காக்குமென எழுதப்பட்ட சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை நம்பிக் கோடகன்பிள்ளை என்பார் தொடுத்த வழக்கும் 1953இற் கோமறை மன்றிலே தோல்வியுற்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை மக்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு முழுமையான தீர்வு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மலையகத் தோட்டமொன்றின் லயத்தில் வாழ்ந்த என் அப்பாயி, ஒரு தகரப் பெட்டியிற் கடதாசிகளைச் சேர்த்து வைத்திருந்தார். பழைய சம்பளச் சீட்டுகளும் கூப்பன் துண்டுகளும்கூட அதிலுண்டு. எவற்றையும் எறிய விடார். எந்தக் கடதாசியை எவர் எப்போது கேட்பார் என்று யார் கண்டது என்பார். அவருக்கு எழுத்து வாசனை இல்லை. ஏட்டை வாசிக்கத் தெரியாதவரே ஏட்டுக்கு இவ்வளவு அஞ்சினார். நான் இவ்வரலாற்றை நூல்களிற் படிக்குமுன் அந்தப் பெட்டியிற் கண்டேன்.

முடிவுரை

1815இன் உடன்படிக்கை, 1840இன் காணிச் சட்டம், துண்டுச் சீட்டு, 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் ஆகியவற்றிடையே ஒரு பொதுப் பண்பு காணப்படுகின்றது. ஒவ்வொன்றிலும் எழுதியவர் வேண்டியபோது விலகினார், எழுதப்பட்டவரோ அசையவும் இயலவில்லை. இழந்த நம்பிக்கை அவ்வாட்சியோடு மறைவதுமில்லை. பின்வரும் ஆட்சியும் அதன் கடனைச் சுமக்கின்றது. 1970களிற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆயின் கண்டி, மாத்தளைப் பகுதிகளின் அரச முகாமைத் தோட்டங்களிலே ஊழியர் சேமலாப நிதிப் பாக்கி நெடுங்காலப் பிரச்சினையாயிற்று. முதலாளி மாறினும் சீட்டின் தன்மை மாறவில்லை என்றே தொழிலாளர் எண்ணினர்.

எனினும் அவநம்பிக்கையே நம் முடிபாதல் தகாது. எப்பாவலைப் பொசுபேற்றுப் படிவை ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்கு வழங்கவிருந்த ஒப்பந்தத்தை, அவ்வூர்க் குடிகள் தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் தடுத்தது. இயற்கை வளத்தை ஆள்வோர் மக்களுக்கான பொறுப்பாளராகவே வைத்திருக்கின்றனர் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2022இன் பொருளாதார வீழ்ச்சி குறித்த வழக்கில், முன்னாள் சனாதிபதிகள் இருவர் உட்பட உயர் பதவி வகித்தோர் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் தீர்த்தது. நம்பிக்கை என்பது குடிகள் ஆள்வோர்க்குக் காட்டும் பணிவன்று, ஆள்வோர் குடிகளுக்குச் செலுத்தவேண்டிய கடன் என்ற கருத்து இதனாற் சட்டத்தின் மொழியில் இடம்பெற்றுவிட்டது.

மக்கள் அரசை நம்ப மறுக்கின்றனரே எனக் குறைகூறுவோர் முதலில் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். மக்கள் காரணமின்றி ஐயுறுவதில்லை. எழுதியவரையும் எழுத்துக் கட்டுப்படுத்தும் என்பதை ஒரு தலைமுறை தன் வாழ்நாளிற் கண்ணாரக் கண்டாலன்றி, அந்தத் தகரப் பெட்டிகள் வெறுமையாகா.